சட்டை கழற்றாத கொள்கை

நாராயணபெருமாளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்பது ஊரறிந்த செய்தி. முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, நாகர்கோவிலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. அவன் கோயில் வாசலை மிதித்துப் பதினெட்டு வருடம் இருக்கும். அப்பா உயிரோடு இருந்தவரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்க மவன் கொள்கைக்காரனாக்கும்" என்று பெருமையடிப்பார். இத்தனைக்கும் அவர் தினமும் கோயிலுக்குப் போகிறவர்.

கொள்கையாவது கத்தரிக்காயாவது! எங்கள் பக்கத்துப் பெரிய கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாராயணபெருமாளால் அது முடியாது. பதின்மூன்று வயதில் அவனுக்கு மார்பு பெண்பிள்ளைகளுக்குப் போலப் புடைத்தது. பலருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் அடங்கிவிடுமாம். அவனுக்கு அடங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அன்றிலிருந்து குளத்தில் குளிப்பதில்லை. சித்திரை வெயிலிலும் இறுக்கமான பனியன், அதற்கு மேல் தொளதொளவென்று ஒரு சட்டை, கொஞ்சம் கூனிய முதுகு. காரில் சீட் பெல்ட் போட்டால் சட்டை ஒட்டிக்கொண்டு எல்லாம் தெரியும் என்று ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டுதான் பாடம் நடத்துவான். பதினெட்டு வயதில் கோயில் வாசலில் அப்பா, "சட்டையக் கழத்துலே" என்று சொன்னபோது, "எனக்கு இதுல நம்பிக்கை இல்லப்பா" என்று வாயில் வந்ததைச் சொன்னான். அந்த ஒரு பொய்யில் எல்லாத் தொல்லையும் தீர்ந்தது.

தீர்ந்தது என்றுதான் அவன் நினைத்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பா திடீரென்று இறந்துபோனார். முற்றம் நிறைய ஆட்கள். மகன் குளித்து, ஈரவேட்டியோடு, வெற்றுடம்பாக வந்து கொள்ளிக்குடம் எடுக்க வேண்டும். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டே நின்றான். பிறகு, "எனக்கு நம்பிக்கை இல்ல. நான் செய்ய மாட்டேன்" என்றான். சித்தப்பா மகன்தான் குடம் எடுத்தான். அம்மா பூங்கனி அழுகையின் நடுவிலும் சொந்தக்காரர்களிடம், "அவனுக்கக் கொள்கை அப்படி. அவனுக்க அப்பாக்கும் அது தெரியும்" என்று மகனுக்காகப் பரிந்து பேசினாள். அதைக் கேட்டபோது மண்ணோடு மண்ணாகப் போய்விடலாம் போலிருந்தது அவனுக்கு.

இந்தத் தை மாதம் வெளியூரில் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டுத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போனான். "எதுக்காக ஆபரேஷன் செய்யணும்?" என்று டாக்டர் கேட்டார். கல்யாணம் என்பான் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். "கடல்ல குளிக்கணும் சார்" என்றான். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. உள்ளே இருக்கும் சதையை எடுத்துவிடலாம், நெஞ்சு தட்டையாகும். ஆனால் மார்புக்காம்பைச் சுற்றி மெல்லிய தழும்பு இருக்கும், கொஞ்ச மாதம் மரத்துக் கிடக்கும், இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல வராது, வீக்கம் வடிய ஆறு மாதம் பிடிக்கும் என்றார். நாராயணபெருமாள் தலையாட்டினான். தழும்பு, வீக்கம் எதுவும் அவன் காதில் ஏறவில்லை. சட்டையைக் கழற்றிய அந்த நிமிடமே முற்றத்தில் நின்ற அந்த நாளும் உடம்பை விட்டுப் போய்விடும் என்று நம்பினான். ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த இறுக்கமான உள்பனியனை ஆறு வாரம் போட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் தானே துவைத்துக் காயப்போட்டான்.

டாக்டர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. இடது பக்கம் சற்றுக் குழிவு. மற்றபடி நல்ல நெஞ்சு.

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குக் கன்னியாகுமரிக் கடலில் பலியிட்டுத் தர்ப்பணம் செய்ய வேண்டும். மூன்று வருடமும் அதைச் செய்தது சித்தப்பா மகன். இந்த வருடம், "நான் வாறேன்" என்றான். "கொள்கை என்னாச்சி மக்கா?" என்று கேட்டாள் பூங்கனி. "அப்பாக்கு வேண்டித்தான்" என்றான். இன்னொரு பொய்.

விடியற்காலையில் கடற்கரை முழுக்க மனிதத் தலைகள். சட்டையைக் கழற்றினான். கை தானாக நெஞ்சுக்குப் போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவனைச் சுற்றி நூற்றுக்கணக்கான வெற்றுடம்புகள். தொங்கிய மார்பு, சரிந்த தொப்பை, பழைய ஆபரேஷன் தழும்பு. அவனுக்கு முன்பு இருந்ததைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டு ஒரு ஆள் போனில் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நாராயணபெருமாளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இதற்காகவா அன்றைக்கு அப்பாவை இன்னொருத்தன் கையில் கொடுத்தேன்?

இலையில் வைத்த எள்ளையும் சோற்றையும் கடலில் விட்டு, முங்கி எழுந்து கரைக்கு வந்தான். துண்டை நீட்டிய பூங்கனியின் கண் அவன் நெஞ்சில் நின்றது. பெற்றவளுக்குத் தெரியாதா?

"இது என்னது மக்கா?"

சொன்னான். பயிற்சிக்குப் போகவில்லை என்றும், எதற்குப் போனேன் என்றும் சொன்னான். பூங்கனி துண்டை அவன் தோளில் போட்டாள்.

"அப்பம், அன்னைக்கிக் குடம் எடுக்காதது?"

"இதுனாலதாம்மா."

"உனக்க அப்பாக்கும் அப்படித்தான மக்கா இருந்து. நீ பாத்ததில்லியா?"

அவன் பார்த்ததில்லை. வீட்டில் சட்டையே போடாத மனிதர். ஒரு துண்டோடு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவார், பேப்பர் படிப்பார், சவரம் செய்வார். முப்பத்திமூன்று வருடம் கண்ணெதிரே இருந்த நெஞ்சு எப்படி இருந்தது என்று இப்போது எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அப்பாவின் முகம் மட்டும்தான் வந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"யாருட்டயும் சொல்லிராதம்மா."

பூங்கனி அவன் தலையைத் துவட்டிவிட்டாள்.

"நான் என்னத்தச் சொல்ல? உனக்க அப்பா நம்புனது மாதிரி கொள்கைன்னே இருக்கட்டு" என்றாள்.