முடி யானைப் படத்தில் என் தங்கையின் குரல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து ஐம்பது. தியேட்டர் வாசலில் முதலில் கண்ணில் பட்டது அட்டையில் வெட்டி நிறுத்தியிருந்த முடி யானை, உடம்பெல்லாம் சடை தொங்கும் பனிக்கால யானை. இடது தந்தம் முறிந்து, பழுப்பு டேப் சுற்றி ஒட்டப்பட்டிருந்தது. அதன் தும்பிக்கையைப் பிடித்தபடி பட்டுப்புடவையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள் என் தங்கை. உறவில் கல்யாணம் என்றால் மட்டும் பீரோவிலிருந்து வெளியே வரும் புடவை அது.

பாண்டிச்சேரியில் எங்கள் நெல்லித்தோப்பில் அவள் முகத்தைவிடக் குரலைத்தான் எல்லோருக்கும் தெரியும். தள்ளுபடி அறிவித்துக்கொண்டு ஓடும் ஜவுளிக்கடை ஆட்டோவில் ஏழெட்டு வருடமாக ஒலித்தது அவள் குரல்தான். கடையில் ஒரு முறை பேசிப் பதிவு செய்து கொடுப்பாள். ஆடி முழுவதும் அது தெருத்தெருவாகச் சுற்றும். அதைக் கேட்ட யாரோ சொல்லித்தான் சென்னையிலிருந்து டப்பிங் ஸ்டுடியோ அவளைக் கூப்பிட்டது. ஆதிகாலத்துக் குகை மனிதர்களைப் பற்றிய வெளிநாட்டு கார்ட்டூன் படம். அதில் அம்மாவுக்குத் தமிழ்க் குரல் தேவைப்பட்டது. மூன்று நாள் போய்ப் பேசிவிட்டு வந்தாள். வந்ததும் ஜவுளிக்கடைக்குப் போன் செய்து, இந்த ஆடிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

"படம் வரட்டுமே, என்ன அவசரம்?" என்றேன்.

"சினிமாவுல பேசறவ நைட்டிக்கும் பேசுனா இன்னா மதிப்பு இருக்குது, சொல்லுண்ணா."

ஸ்டுடியோவில் நடந்த ஒன்றை மட்டும் பலமுறை சொல்லியிருந்தாள். பனிக்கட்டி உடைந்து கிழவி ஆற்றோடு போகிற காட்சி. அம்மா "பாட்டி!" என்று கத்த வேண்டும். நான்கு முறை கத்தினாளாம். உணர்ச்சி போதவில்லை என்று டப்பிங் டைரக்டர் அலுத்துக்கொண்டாராம். ஐந்தாவது முறை தன்னை மறந்து "ஆயா!" என்று கத்திவிட்டாள்.

"ஆயாவா? ஸ்கூல்ல டாய்லெட் கழுவறவங்களையாம்மா கூப்பிடறே?" என்றார் டைரக்டர்.

"எங்க ஊர்ல அம்மாவப் பெத்தவதான் சார் ஆயா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்களாம். "பாண்டிச்சேரி வாடை வராம பாத்துக்கம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

படம் பதினொன்று பத்துக்குத் தொடங்கியது. எங்கள் தெரு ஆட்கள் இரண்டு வரிசையை அடைத்திருந்தார்கள். திரையில் உறைந்த நிலம். சூடான இடம் தேடி ஒரு குடும்பம் நடக்கிறது. அப்பா அசடு, அம்மா கெட்டிக்காரி, மகள் பிடிவாதம், கிழவிக்குப் பல் இல்லை. கூடவே ஒரு குட்டி யானை, பொம்மைக்கடையில் விற்பதற்கென்றே பிறந்தது. இன்னும் நெருப்பைக் கண்டுபிடிக்காத இந்தப் பெண்களுக்குப் புருவம் மட்டும் திருத்தியிருந்தது. அப்பாவின் முதல் வசனம்: "திங்கக்கிழமைன்னாலே தலைவலிப்பா!" குட்டி யானை சேற்றில் விழுந்து எழுந்து "வேற லெவல்" என்றது. பாண்டிச்சேரி வாடைக்குப் பயந்த அந்த மனிதர், பனியுகத்தையே கொண்டுபோய்ச் சென்னை ஆட்டோ ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார். "குடும்பம்தான் எல்லாமே" என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பதினொன்று வரை எண்ணி விட்டுவிட்டேன். பத்திரிகையில் பிழை திருத்தும் மேஜையில் இருந்த காலத்தில் முதலாவதையே சிவப்பு மையால் அடித்திருப்பேன்.

திரையில் அம்மா முதல் தடவை வாய் திறந்தாள். அது என் தங்கையின் குரல் இல்லை. டி.வி. சீரியலில் மாமியாருக்கு விஷம் கலக்கும் மருமகளின் குரல் போலக் குழைந்து வந்தது.

பக்கத்து வீட்டுக்காரி குனிந்து கேட்டாள். "ஏம்மா, அன்னிக்கு உனக்குச் சளியா?"

"மெசின்ல ஏத்தி எறக்குவாங்கக்கா" என்றாள் தங்கை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் கணவர் என் காதோரம் வந்தார். "மச்சான், பதினெட்டு வருசமா வாங்கிக் கட்டிக்கறேன். எனக்குத் தெரியாதா எங்க வூட்டுக்காரி கொரலு? இது அவ இல்ல."

இடைவேளையில் எல்லோரும் பாப்கார்னுக்குப் போனார்கள். தங்கை எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

பிற்பாதியில் ஆற்றுக் காட்சி வந்தது. பனிக்கட்டி பிளந்தது. கிழவி உட்கார்ந்திருந்த துண்டு தனியே நகர்ந்தது. அம்மா கரையோடு ஓடினாள். கையை நீட்டினாள்.

"ஆயா!"

இரண்டு வரிசையும் எழுந்து நின்றது. "இந்தா! இதான்! நம்ம பொண்ணு!" என்று பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். பின்னாலிருந்து ஒருவர் விசிலடித்தார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வசனத்துக்குச் சீரியல் குரல் திரும்பி வந்துவிட்டது. நடந்தது என்னவென்று ஊகிப்பது கடினமில்லை. என் தங்கைக்குப் பதிலாக வேறொருத்தியைக் கூப்பிட்டு வசனங்களை மட்டும் மறுபடி பேச வைத்திருக்கிறார்கள். அலறல், அழுகை, மூச்சிரைப்பு எல்லாவற்றையும் தங்கையின் பழைய பதிவிலிருந்தே விட்டுவிட்டார்கள். டைரக்டர் சிரித்த அந்த ஐந்தாவது பதிவும் அதில் தங்கிவிட்டது; குரல் மாற்றி ஒட்டியவர்களுக்கு "ஆயா" அலறலாகத்தான் கேட்டிருக்கிறது. சொல் என்று தெரிந்திருந்தால் திருத்தியிருப்பார்கள்.

கிழவி பிழைத்தாள். எல்லோரும் ஆடினார்கள், யானை உட்பட. பன்னிரண்டாவது முறையாகவோ இருபதாவது முறையாகவோ குடும்பம்தான் எல்லாமே என்று சொல்லிப் படத்தை முடித்தார்கள்.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் தங்கை எழுந்து முன்வரிசை வரை போனாள். ஆங்கிலப் பெயர்கள் மேலே ஏறின. தமிழ் எழுத்து வருவதற்குள் திரை அணைந்தது. விளக்குகள் எரிந்தன. துடைப்பத்தோடு வந்த பெண், "கெளம்புங்கம்மா, அடுத்த ஷோவுக்கு டைம் ஆவுது" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே கூட்ட ஆரம்பித்தாள்.

"பேரு போட்டிருப்பாங்கண்ணா. இவன் நிறுத்திட்டான்" என்றாள் தங்கை.

வெளியே வெயில். எங்கள் தெருக்காரர்கள் வரிசையில் நின்று தந்தம் முறிந்த யானையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளையும் கூப்பிட்டார்கள். போகவில்லை. என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மார்க்கெட் அருகே திரும்பும்போது கேட்டாள்.

"கடைக்காரரு இன்னும் யாரையும் பாத்திருக்க மாட்டாரு இல்ல?"

ஆடி பிறக்க அப்போது மூன்று நாள் இருந்தது.

ஆடி முதல் தேதி காலை ஒன்பதே காலுக்கு எங்கள் தெருவுக்குள் ஜவுளிக்கடை ஆட்டோ வந்தது. குரல் வேறொரு பெண்ணுடையது.