ஆவணியில் ஒரு வெறுந்தாள்

விருதுநகர் பேருந்து நிலையத்தில் காலை எட்டரைக்குச் சிவகாசி வண்டியில் ஏறினோம். முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். என்னோடு இலங்கையிலிருந்து வந்த இருவர். முல்லைத்தீவுப் பரிமளத்தின் மகன் போரின் கடைசி மாதத்தில் காணாமல் போனவன். மாத்தறைச் சோமாவதியின் மகன் எதிர்த்தரப்புச் சிப்பாய், அவனும் திரும்பவில்லை. இப்படிப்பட்ட இரு தரப்புத் தாய்மாரும், கடலில் கணவரை இழந்த நம் இராமநாதபுரக் கரைப் பெண்களும் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். ஓய்வுபெற்ற வட்டாட்சியரான நான் அவர்களுக்கு மனு எழுதுகிறவன்.

"அக்கா, எந்த ஊரு?" என்றார் நடத்துநர்.

"இலங்கை."

"ரெண்டு பேருமா? பேச்சு வேற வேறயா இருக்கே?"

"சண்டையும் இருந்தது தம்பி. இப்ப கொஞ்சம் குறைச்சிருக்கிறம்" என்றார் பரிமளம்.

மனுக்கள் எங்கே போய்ப் படுக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இம்முறை காலண்டர். அரசு அலுவலகத்தில் கோப்பைத் திறக்காமல் ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். தினசரி காலண்டரில் தாள் கிழிக்காமல் இருக்க முடியாது. திரும்பி வராதவர்களுக்காக, வரும் ஆவணியில் எந்தத் தரப்பின் நினைவு நாளும் அல்லாத ஒரு நாளை நெடுநாள் வாக்குவாதத்துக்குப் பின் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தாளில் தேதி மட்டும் இருக்கும். கொழும்பிலும் சென்னையிலும் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் அன்றைக்காவது ஏன் என்று கேட்கட்டும்.

திருத்தங்கல் தாண்டியபோது, பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

பத்து மணிக்கு அச்சகத்தில் இருந்தோம். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் அழைக்கிறது. "வாங்க, வாங்க. சாப்பிட்டீகளா?" என்றவர், எங்கள் காலண்டரின் அச்சுப் புரூஃபை எடுத்து வைத்தார்.

தமிழும் சிங்களமும் அழகாகவே வந்திருந்தன. ஆவணிக்கு வந்தோம். அந்த நாளில் நாதஸ்வரமும் மேளமும் படமாக, கீழே தடித்த எழுத்தில் 'சுபமுகூர்த்த நாள்'. சோமாவதி படத்தைத் தடவி, என்ன என்று கேட்டார். கல்யாணத்துக்கு உகந்த நாள் என்று பரிமளம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் தயங்கித்தான் சொன்னார். சோமாவதி கையை எடுத்துக்கொண்டார். மெல்ல ஏதோ பேசினார்.

"என்ன சொல்றாக?" என்றார் அண்ணாச்சி, பரிமளத்திடம்.

"இதை இப்பிடியே கொண்டுபோனா அவையின்ர ஊர்த் தாய்மார் இனிச் சங்கத்துக்கு வரமாட்டினமாம். எங்கட பிள்ளையளின்ர நாளில தமிழ் ஆக்கள் மேளம் அடிக்கினம் எண்டு நினைப்பினமாம்."

அண்ணாச்சி பதறிவிட்டார். "ஐயோ தாயி, வேணும்னு செய்யல. எல்லா ஆர்டருக்கும் ஒரே பஞ்சாங்கம். நல்ல நாளு தானா வந்து உக்காந்துக்கிடும்."

"எடுத்துவிடுங்கள்" என்றேன்.

"அங்கன வெறுந்தாளுல்ல நிக்கும்? அண்ணாச்சிக்கு மை தீந்துபோச்சுன்னு சிவகாசியே சிரிக்கும்யா. ஒரு மணிக்கு மெஷின்ல ஏத்தணும். சீசன் நேரம். விட்டா மார்கழி கடைசியிலதான்."

அதற்குள் புத்தாண்டே வந்துவிடும். ஆனால் புரூஃபில் கையெழுத்து விழாமல் எந்த அச்சகமும் இயந்திரத்தை ஓட்டாது. முப்பது ஆண்டு கையெழுத்துப் போட்டே பிழைத்தவனுக்கு, போடாமல் இருப்பதன் பலமும் தெரியும். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

கால் மணி நேரம் போயிற்று.

"ஏ செல்வி, அந்த மேளத்தை எடு" என்றார் அண்ணாச்சி, கணினி முன் இருந்த பெண்ணிடம். மேளம் போயிற்று. நல்ல நேரம் போயிற்று. அடியில் இருந்த அச்சகத்தின் பெயருக்கு ஒரு பெருமூச்சு விட்டார், அதுவும் போயிற்று.

"ராகு காலமாச்சும் இருக்கட்டுமே தாயி. அது இல்லாம எப்பிடி?"

மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. "ராகு காலய!" என்று சோமாவதி பலமாகத் தலையாட்டினார். அவர் ஊரிலும் அதைப் பார்க்காமல் வாசல் தாண்டமாட்டார்களாம். பரிமளமும் சம்மதித்தார். மூன்று தரப்பும் ஆட்சேபணையின்றி நிறைவேற்றிய முதல் தீர்மானம் இதுதான் என்று இங்கே பதிவு செய்கிறேன்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கையெழுத்திட்டோம். நாங்கள் படியிறங்கும்போதே உள்ளே இயந்திரம் ஓடத் தொடங்கியது.

மாலை விருதுநகருக்குள் பேருந்து நுழைகையில் கல்யாண மண்டபங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மற்ற எல்லாக் காலண்டரிலும் அந்த ஆவணி நாள் முகூர்த்த நாள்தான். என் மைத்துனர் மகளுக்கும் அன்றைக்கே தேதி குறித்திருக்கிறார்கள். முதல் நாளே போய் ஆசீர்வதித்துவிட்டு வந்துவிடுவேன். அன்று ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் என் வீட்டுக்கு வரட்டும், சுவரில் அந்தத் தாளைக் காட்டுகிறேன்.