பெயரின் பின்பாதி

“ஏலே, முழுங்காத. அ, டெ, ன, லால். ரெண்டாவதுல அழுத்து,” என்று மாத்திரை அட்டையின் ஓரத்தால் மேசைக் கண்ணாடியில் நான்கு தட்டுத் தட்டினாள் ராஜராஜேஸ்வரி. இரண்டாவது தட்டு மட்டும் ஓங்கி விழுந்தது. மகன் சிவராம் பொடி எழுத்தைப் படித்துச் சொல்ல, அவள் வாங்கி அடுக்கினாள். சங்கரன்கோவிலில் அவள் நடத்திய மருந்துக்கடையில் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அவன் பெங்களூரு திரும்பிய மறுவாரம் மாரடைப்பில் போய்விட்டாள்.

மற்ற கடைகளில் மருந்து அகரவரிசையில் இருக்கும். அவள் கடையில் பெயர் முடிகிற விதப்படி இருக்கும். லால் எல்லாம் மேல் தட்டு, பிரில் எல்லாம் அதற்குக் கீழே. “முதப்பாதி ஆளு பேரு, பின்பாதி குடும்பப் பேரு. குடும்பம் தெரிஞ்சா ஆளு தெரியும்லா?” என்பாள். நீளமான பெயரைக் கண்டு மிரண்ட யாரையும் பார்த்து அவள் சிரித்ததில்லை. முறுக்கைப் போல ஒடித்துக் கையில் தந்துவிடுவாள். சிவராமுக்கு இன்று சோறு போடுவது மென்பொருள். யாரோ எழுதிய புரியாத நிரலைப் பதறாமல் துண்டு துண்டாகப் பிரிக்க அவனுக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை.

பனவடலிசத்திரத்தில் ஆடு வளர்க்கும் கோமதித்தாய்க்கு அமாக்சிசிலின் ஆகாது. ஒருமுறை தொண்டை வீங்கி, பிழைத்ததே பெரிது. அந்தப் பெயரை ராஜராஜேஸ்வரி எழுதிக் கொடுத்த சீட்டை ஆடு தின்றுவிட்டது.

“ஆட்டுக்கு ஒண்ணும் ஆவலக்கா.”

“அதுக்குப் படிப்பு ஏறியிருக்கும். நீ வாயில வச்சுக்கோட்டி. அ, மாக், சி, சி, லின். நாலாவதுல அழுத்து.”

“நாக்கு சுளுக்குதே!”

“சுளுக்கட்டும். மூச்சு நிக்கப்பிடாது. சிலின்னு முடிஞ்சா எந்த டாக்டர் தந்தாலும் வேண்டாம்னு சொல்லணும்.”

மூன்று மாதம், கடைக்கு வரும்போதெல்லாம் சொல்ல வைத்தாள். புளியங்குடியில் கோமதித்தாய்க்குப் பல் பிடுங்க வெள்ளிக்கிழமை நாள் குறித்ததும் அவள்தான். “நானும் கூட வாரேன். நீ சொல்லுதத நான் கேக்கணும்.”

அந்த வெள்ளிக்கிழமை வந்தபோது அவள் இல்லை; அவளுக்குப் பதிலாகச் சிவராம் கூடப் போனான். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று பல் மருத்துவர் கேட்டார். அவன் சொல்ல வாயைத் திறந்தான்.

“நீங்க சொல்லாதீய, தம்பி. அக்கா என்னியத்தான சொல்லச் சொன்னாவ.”

வீங்கிய கன்னத்தைச் சுற்றிக் கட்டியிருந்த துண்டைக் கோமதித்தாய் அவிழ்த்தாள்.