மூன்று வருடங்களுக்கு ஒரு வரி

ஒஸ்லோவில் நம்மவர் யாராவது காலமானால், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்தில் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தை எழுதுவது பெரும்பாலும் நான்தான். இறந்தவரின் வாழ்க்கை, வம்சாவளி, நன்றியுரை. எந்தக் கஞ்சனும் என் கையில் வள்ளலாகிவிடுவான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

சென்ற மார்கழியில் பக்கத்து நகரமான லோறென்ஸ்கூக்கிலிருந்து ஒரு சட்டத்தரணி என்னை வீட்டுக்கு அழைத்தார். நகரசபை உறுப்பினர்; அடுத்தது பாராளுமன்றம் என்று ஊரெல்லாம் பேச்சு. அவருடைய தகப்பன் இறந்திருந்தார். தகப்பனுக்கு அரைப் பக்கம் போதும், தகப்பனின் பாட்டனான பூட்டனைப் பற்றித்தான் விரிவாக வேண்டும் என்றார். பூட்டன் விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டனில் படித்த பாரிஸ்டர், பிறகு கொழும்பில் சட்டநிரூபண சபை உறுப்பினர். தேர்தலுக்குப் பூட்டனும் துணைக்கு வரப்போகிறார் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அவர் தந்த கடதாசிகளில் பூட்டன் கைப்பட எழுதிய மனு ஒன்றின் பிரதி இருந்தது. மனைவிக்குச் சித்தம் கலங்கிவிட்டதாம். அவளுடைய சீதனக் காணிகளைத் தான் நிர்வகிக்க நீதிமன்றம் அனுமதிக்க வேண்டுமாம். கீழே யாரோ பென்சிலால் குறித்திருந்தார்கள்: மூன்று வருடம் பின்னறையில், அங்கேயே இறந்தாள்.

சட்டத்தரணிக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. "அந்த மூண்டு வருஷத்துக்கும் பொதுப்பணி எண்டு போட்டுவிடுங்கோ அக்கா."

தேநீர் கொண்டுவந்தது அவருடைய மனைவி. ஸ்டோவ்னர் மருந்துக்கடையில் வேலைசெய்த காலத்தில் வாய் ஓயாமல் கதைப்பவள். இப்போது நான் அவளிடம் கேட்டதற்கெல்லாம் அவர்தான் பதில் சொன்னார்: சுகமில்லை, வேலையை விட்டாயிற்று, வெளியே போவதில்லை. தொலைபேசி வந்து அவர் அடுத்த அறைக்குப் போனதும் அவள் அந்த மனுவில் விரலை வைத்தாள்.

"இந்த மனுசிக்கு ஒரு நோய் வருத்தமும் இருந்திருக்காது அக்கா. எனக்கும் இல்லை."

அவர் திரும்பி வந்தார். நான் தேநீரைக் குடித்தேன். வாசலில் குனிந்து சப்பாத்துப் போடும்போதுதான் பார்த்தேன். அவருடையது நாலு சோடி இருந்தது. பெண்ணுடையது ஒரு சோடிகூட இல்லை. வெளியே முழங்கால்வரை பனி. ஆனாலும் குடும்ப விஷயம், நமக்கேன் வம்பு என்று பஸ் ஏறினேன். அவர் கேட்ட வரியையும் எழுதிக் கொடுத்தேன்: 'அம்மூன்றாண்டுகளும் அன்னார் பொதுப்பணிக்கே தம்மை அர்ப்பணித்தார்.'

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் அவளைக் காணவில்லை. சுகமில்லை என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும்தான்.

நேற்று அவர் மறுபடியும் அழைத்தார். மனைவி காலமாகிவிட்டாராம், ஒரு கல்வெட்டு வேண்டுமாம்.

"கடைசி வருஷங்களுக்கு என்ன எழுதிறதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே அக்கா."

ஓம் என்றேன். வாய் பழகிவிட்டது. இன்று காலை எழுத உட்கார்ந்தேன், கல்வெட்டு அல்ல, பொலீசுக்கு. முதல் வரியில் அவள் சொன்னதைப் போட்டேன், இரண்டாவதில் சப்பாத்துகளை. மூன்றாவதில் நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்ததை எழுத வேண்டும். இன்னும் அந்த வரியில்தான் நிற்கிறேன்.