மேலே கூடாரம் இல்லை

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் வாழையிலை விற்கும் அவனுடைய அண்ணன்தான் அந்த வேலையை என் தலையில் கட்டினார். என் சிநேகிதன் இமயமலையில் கர்வால் பக்கத்துச் சிகரம் ஒன்றில் ஏறப் போய்த் திரும்பவில்லை. ஹெலிகாப்டர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஊரில் அவன் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். காரியம் செய்ய வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் மனைவி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

“நான் வாயத் தொறந்தா அவ வாரியலத் தூக்கிக்கிட்டு அடிக்க வாரா. நீ போயிச் சொல்லுல. நீதான அங்க இருந்த,” என்றார் அண்ணன்.

“என்னன்னு சொல்ல?”

“ஆளு இல்லன்னு சொல்லு. வேற என்னத்தச் சொல்லுவ.”

சொல்லிக்கொண்டே ஓர் இலையின் ஓரத்தை நறுக்கினார். நறுக்கியதையே மறுபடி நறுக்கினார். யாருக்கும் விற்க முடியாத அளவுக்கு அது சிறுத்துப்போனது.

அவள் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இருந்தது. மேலே கூடாரங்கள் இருக்கின்றன, அவற்றில் அரிசியும் அடுப்பும் இருக்கின்றன, பனி விட்டதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்துவிடுவார் என்றாள். அது பைத்தியக்காரப் பேச்சு அல்ல. அவனே அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

நானும் அவனும் தாராவியில் அடுத்தடுத்த சந்து. எனக்குப் பள்ளிக்கூடம் ஏழாவதோடு நின்றது, அவனுக்குப் பத்தாவதோடு. நான் ஒரு வேலையில் நிலைத்தவன் இல்லை. தோல் பட்டறை, பிஸ்கட் லாரி, தாதரில் பூ மூட்டை என்று சுற்றிவிட்டு, அவன் இழுத்ததால் செம்பூரில் உயரக் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போனேன். மொட்டைமாடியிலிருந்து இரண்டு கயிறுகள் தொங்கும். ஒன்றில் ஜூலா, அதாவது உட்காரும் பலகை. இன்னொன்றை இடுப்பு வாரில் மாட்டியிருப்போம், முதல் கயிறு அறுந்தால் பிடிப்பதற்கு. மேலே ஒருவன் முடிச்சுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். தொங்குகிறவன் தரையைத் தொடும்வரை மேலே இருப்பவன் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் கும்பலின் வழக்கம். அவன் தொங்குவான், நான் மேலே இருப்பேன். பசி வந்தால் எட்டிப் பார்த்துத் திட்டுவேன். “பொறுல, சுவத்துக்கு மை தீட்டிக்கிட்டு இருக்கேன்,” என்பான்.

அவன் கயிற்றில் தொங்கும் லாவகத்தைப் பார்த்து, அங்கே குடியிருந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கர்ஜத் பக்கம் பாறை ஏறக் கூட்டிப்போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். அது விளையாட்டு மாதிரி. பாறையில் முன்பே ஆணி அடித்து வளையம் மாட்டியிருக்கும். கயிற்றை அதில் கோத்துக்கொண்டே ஏற வேண்டும். கை நழுவினால் கொஞ்சம் விழுந்து தொங்குவோம், கீழே இருப்பவர்கள் சிரிப்பார்கள். சாயங்காலம் வடாபாவ் தின்றுவிட்டு லோக்கல் ரயிலில் வீடு திரும்புவோம்.

அடுத்தது பெரிய மலை. ஒரு பெரிய குழுவுக்குக் கயிறு கட்டும் ஆட்களில் ஒருவனாக அவன் போனான். நான் சமையல் கூடாரத்தில் சமைக்கவும் பாத்திரம் கழுவவும் போனேன். அங்கே ஒரே மூச்சில் ஏறுவதில்லை. முதலில் ஆட்கள் போய்ப் பனியில் கயிறு கட்டிக்கொண்டே போவார்கள். ஒரு நாள் ஏற்றத்துக்கு ஒரு கூடாரம் போட்டு, அரிசி, கேஸ் டப்பா, படுக்கும் பை எல்லாவற்றையும் சுமந்துபோய் நிரப்பிவிட்டு இறங்குவார்கள். மறுபடி ஏறி, இன்னும் மேலே ஒன்று. கடைசியில் உச்சிக்குப் போகிறவர்கள் அந்தக் கயிற்றில் கொக்கியை மாட்டிக்கொண்டு போவார்கள். புயல் வந்தால் பக்கத்துக் கூடாரத்தில் படுத்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்து அதை மனைவிக்கு விளக்கினான். நானும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“நம்ம லோக்கல் லைன் மாதிரிதான். சயான், குர்லான்னு ஸ்டேஷன் வரும்லா, அது மாதிரி கூடாரம். தண்டவாளத்துக்குப் பதிலா கயிறு.”

“ஸ்டேஷன்ல வடாபாவ் உண்டுமா?”

“பருப்பும் சோறும் உண்டு. இவன்தான் ஆக்கிக் குடுத்து விட்டான்.”

“அப்போ வயித்தால போயிருக்குமே,” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சித்திரம் அவள் மனதில் அப்படியே நின்றுவிட்டது.

இந்த முறை அவன் போனது வேறு ஏற்றம். ஆல்பைன் என்பார்கள். இரண்டே பேர், அவனும் அந்த மலைநாட்டுக்காரன் ஒருவனும். கீழ் முகாமில் சமையலுக்கு நான். முகாமுக்கு மேலே சுமை தூக்க ஆள் கிடையாது, முன்னால் கட்டிய கயிறு கிடையாது, நிரப்பிவைத்த கூடாரம் கிடையாது. இருப்பதெல்லாம் அவர்கள் முதுகில். இருவரையும் பிணைக்கும் ஒரே கயிறும் அவர்களோடேயே மேலே போய்விடும். ஏறிய வழியில் அடையாளத்துக்குக்கூட ஒன்றும் மிஞ்சாது. கனம் குறைந்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் வானம் கெடுவதற்குள் இறங்கிவிடலாம். அவர்களுக்குப் பாதுகாப்பு அந்த வேகம்தான். வானம் முந்திக்கொண்டால் அதுவும் இல்லை.

பையைக் கட்டும்போது ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டான். பல் தேய்க்கும் பிரஷின் கைப்பிடியை உடைத்து எறிந்தான். நான் வறுத்துக் கட்டிய கடலையில் பாதியைத் திருப்பிக் கொடுத்தான்.

“வச்சிக்கிடுல. கனமே இல்ல.”

“கனம் இல்லன்னு நீ சொல்லுத. என் முதுகுலா சொல்லணும்.”

“போன தடவ கயிறு கட்டி ஏறினியே, அதுக்கு என்ன கொறச்சல்?”

“போன தடவ நான் மலையில ஏறல மக்கா. கயித்துல ஏறினேன்.”

“மைனிக்குத் தெரியுமா, இது வேறன்னு?” என்று அவன் மனைவியை நினைத்துக் கேட்டேன்.

“அவளுக்கு மலைன்னா மலைதான். எதுக்கு டென்ஷன்?”

கிளம்பும்போது திரும்பிப் பார்த்து, “நீ நேரத்துக்குச் சாப்பிடுல. இங்க மொட்டைமாடி கிடையாது,” என்றான்.

மூன்றாம் நாள், உச்சிக்குக் கொஞ்சம் கீழே வெள்ளை முகட்டில் இரண்டு புள்ளிகளைத் தொலைநோக்கியில் பார்த்தேன். பிறகு மேகம் மூடியது. அது விலக வெகு நேரமாயிற்று. விலகியபோது முகடு முழுக்கப் புதுப் பனி. புள்ளிகள் இல்லை. வருஷக்கணக்கில் அவனுடைய முடிச்சுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவன் நான். அங்கே பார்ப்பதற்கு ஒரு முடிச்சும் இல்லை. சோறு பொங்கி வைத்துவிட்டு அதையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பத்து நாள் கழித்து மலைநாட்டுக்காரனின் அப்பா தம் கிராமத்திலிருந்து முகாமுக்கு ஏறி வந்தார். அவரும் ஒரு காலத்தில் மலையில் சுமை தூக்கியவர். எத்தனை நாளைக்குச் சாப்பாடு கொண்டுபோனார்கள் என்று ஹிந்தியில் கேட்டார். நான்கு நாளைக்கு என்றேன். மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து மகனுடைய கூடாரத்தின் முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தாராவியில் சிநேகிதனுக்கும் மனைவிக்கும் மாடியறை. கீழே யாரோ தையல் பட்டறை வைத்திருக்கிறார்கள். வெளிச்சுவரை ஒட்டிச் செங்குத்தான இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்கும் ஒரு கயிறு. அங்கே பாதி வீடுகளுக்கு வழி இப்படித்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் ஏறப் பயந்தாள் என்று, கட்டட வேலைக் கயிற்றில் ஒரு துண்டைக் கொண்டுவந்து முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு அவன் கட்டியது. அந்த முடிச்சுகளைப் பிடித்துத்தான் நான் ஏறினேன். அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“வாங்க தம்பி. போன் ஏதும் வந்துச்சா?”

“இல்ல மைனி.”

“பனி இன்னும் விடலயாக்கும். கூடாரத்துல அரிசி இருக்கும்லா?”

“இந்தத் தடவ மேல கூடாரம் இல்ல மைனி.”

“அதெப்படி? அவுகதான சொன்னாக. நீங்களும் கூட இருந்தீகளே.”

“அது அந்த மலைக்கு. இது வேற மாதிரி.”

“மலையில என்ன வேற மாதிரி?” என்றாள். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஏணியின் தலைமாட்டில் குந்தி, தொங்கிய கயிற்றைக் கை மாற்றி மாற்றி மேலே இழுத்தேன். முழுவதையும் இழுத்து அவள் பக்கத்தில் தரையில் சுருட்டி வைத்தேன்.

“இப்படித்தான் மைனி. ஏறுதவங்க கயித்தையும் கூடவே எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. அடியில ஒண்ணும் தொங்காது. தேடிப் போறவனுக்குப் பிடிக்க ஒண்ணும் கிடையாது. நடுவுல ஸ்டேஷன் இல்ல. முதுகுல உள்ளதுதான் சாப்பாடு.”

அவள் ஏணியின் அடியை எட்டிப் பார்த்தாள். கயிறு இல்லாத ஏணியை வெகு நேரம் பார்த்தாள்.

“முதுகுல எத்தன நாளைக்கு?”

“நாலு நாளைக்கு.”

கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் ஒரு கீரைத் தண்டை எடுத்து ஒடித்தாள். அதைக் குப்பையில் போடுவதா முறத்தில் போடுவதா என்று தெரியாதவள் போலக் கையில் வைத்திருந்தாள்.

“கடல வறுத்துக் குடுத்தீகளா?”

“குடுத்தேன். பாதிதான் எடுத்துக்கிட்டான்.”

“கனம்னாகளோ?”

“ஆமா மைனி.”

“அவுகளுக்குக் கடலன்னா உசுராச்சே,” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். சத்தம் வரவில்லை. கயிற்றின் ஒரு முடிச்சை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு அழுதாள். நான் ஏணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அவுக அண்ணன்கிட்டச் சொல்லிருங்க. காரியத்துக்கு நாள் பாக்கட்டும்.”

சரி என்று எழுந்தேன்.

“அந்தக் கயித்தக் கீழ விடுங்க தம்பி,” என்றாள். “ஊர்லருந்து எல்லாரும் வருவாக. ஏறணும்லா.”

விட்டேன். முடிச்சு முடிச்சாக ஏணிக் கம்பிகளில் தட்டிக்கொண்டே அது கீழே போயிற்று.