பின் சீட்டுப் பயணி

என் அத்தான் பஸ் டிரைவர். வேலை நாளில் ஊரைச் சுமப்பார். லீவு நாளில் அக்காவின் சொந்தபந்தத்தை வீட்டு வேனில் சுமப்பார். விருந்துக்குப் போனாலும் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான் அவர் கவலை. அதனால் சிநேகிதர்கள் அவரையும் என்னையும் படகில் போகலாம் என்று கூப்பிட்டபோதே கறாராகச் சொல்லிவிட்டார்: "ஆறு வரைக்கும் வேனை ஓட்டறேன். படகுல நான் சும்மா உட்கார்ந்துதான் வருவேன். யாரும் என்கிட்ட எதையும் நீட்டக்கூடாது."

காட்டுக்குள் ஓடும் ஆறு; கரையில் ஆள் அரவமே இல்லை. நடு ஆற்றுக்குப் போனதும் காற்று சுழன்றடித்தது, மழை முகத்தில் அறைந்தது. சிநேகிதர்களில் ஒருவரான சலூன்காரர்தான் துடுப்புப் போட்டார்; படகை வட்டமடிக்க வைத்தார்.

"டேய், கட்டிங் நாற்காலியையா சுத்தறே? கரைக்கு விடுடா!" என்று அத்தான் கத்தினார்.

"நீயே பிடிப்பா. நீதானே டிரைவரு!"

"இதுல ஸ்டியரிங் எங்கடா இருக்கு?"

கேட்டுக்கொண்டே துடுப்பைப் பிடுங்கினார். எங்களைத் திட்டித் தீர்த்தபடியே கரை சேர்த்தார்.

சொட்டச் சொட்ட வேனுக்கு வந்ததும், அவர் என்னிடம் கொடுத்துவைத்திருந்த சாவியைப் பழக்கதோஷத்தில் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின் சீட்டில் ஏறிப் படுத்து, ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார்.

"அத்தான், எங்க யாருக்கும் ஓட்டத் தெரியாதே!"

"தெரியும்."

"அப்ப எப்பதான் கிளம்பறது?"

"டிரைவரைக் கேளு. நான் பாசஞ்சர்."

மழை விட்ட பிறகும் வேன் நகரவில்லை. நின்ற வண்டியில்தான் அவருக்குப் பயணியாக ஓர் இடம் கிடைத்தது.