பெட்டிமேல் வைத்த மாவு

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டிலிருந்து கடற்கரை நடக்கும் தூரம்தான். உப்புக்காற்றுக்குக் கம்ப்யூட்டர், கிரைண்டர் என்ற பேதம் கிடையாது. மாதம் ஒருமுறை கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் மெமரிப் பட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்ப்பேன். தேய்த்து மாட்டினால், நின்றுபோன பெட்டி எழுந்துகொள்ளும். ஒரு ரிப்பேர் கடை வாசலில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டது இது. கேட்டால் சொல்லியிருப்பார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தது.

ஜெராக்ஸ் கடையில் டைப் அடிப்பது என் வேலை. படிப்பு பத்தாவது. வீட்டில் சும்மா இருக்கும் கம்ப்யூட்டரை விஞ்ஞானிகளுக்கு இரவல் தரலாம் என்று ஒரு நாள் பேப்பரில் படித்தேன். ஒரு மாபெரும் கணக்கைத் துண்டு துண்டாக்கி, உலகம் முழுக்க உள்ள வீடுகளுக்கு இன்டர்நெட்டில் அனுப்புகிறார்கள். நம் பெட்டி அந்தத் துண்டைப் போட்டு முடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். துண்டுக்கு 'வேலை' என்று பெயர். யாருடனும் நேரில் பேச வேண்டியதில்லை என்பதே எனக்குப் பாதி ஆசையைக் கிளப்பிவிட்டது.

ஓர் ஆபீசில் கழித்துப்போட்ட இரண்டு பெட்டிகளை வாங்கினேன். இரண்டும் ஒரே அச்சு. படுக்கை வசமாக வைக்கும் பழைய மாதிரி. நாள் முழுக்க ஓடியதில் தகரம் கொதித்தது. சூடு வெளியேறட்டும் என்று மேல்மூடிகளைச் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், வரிசையாக ஓட்டை போடச் சொன்னேன். பட்டறைக்காரர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், இடியாப்பம் புழியப் போறியா?"

சிரித்துவைத்தேன்.

வலதுபக்கப் பெட்டி சின்னச் சின்ன வேலைகளைச் செய்தது. இடதுபக்கத்தில் ஓடியது பெரிய வேலை. இனி வரப்போகும் காலத்து வெயிலையும் மழையையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலை. ஒன்று முடியவே மாதக்கணக்கில் ஆகும். முதல் தடவை மே மாத வெயிலில் பெட்டி சூடேறி, கணக்கு தப்பாகி, வேலை பாழானது. இரண்டாவது தடவை மின்வெட்டில் ஹார்டு டிஸ்க்கே கெட்டுப்போனது. மூன்றாவதைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தேன். அது நின்றுவிடும் என்று மச்சினன் வீட்டு விசேஷத்துக்குக்கூட மனைவியை மட்டும் அனுப்பினேன். பெரிய படிப்புக்காரர்களின் கணக்கில் ஒரு துண்டு எங்கள் கூடத்து மூலையில் முடிந்தது என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. ஈரக் குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை. மனைவி என்னைக் கேட்காமலே பாத்திரத்தைப் பெட்டிமேல் வைத்துவிட்டாள். காலையில் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது.

பக்கத்து போர்ஷனில் இருந்த அக்கா, நொச்சிக்குப்பத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருந்தார். புளித்த மாவின் வாசனை அவர் மூக்குக்குத்தான் முதலில் எட்டியது.

"இன்னா தங்கச்சி, இந்த மழைல உன் மாவு மட்டும் எப்டி பொங்கினு கீது? என்னுது கல்லாட்டம் கீது."

"அவர் பெட்டிமேல வச்சேன்க்கா."

"எது, எந்நேரமும் உர்ர்னு உறுமினு கீதே, அதுவா?" என்று என் பக்கம் திரும்பினார். "அதுக்கு இன்னாதான் வேலை நைனா?"

"வானிலைக் கணக்குக்கா."

"அப்ப நாளைக்கு மழ உண்டா இல்லியா சொல்லு. கடை போடணும்."

"இது அம்பது வருஷம் கழிச்சு வர்ற மழைக்கா."

"அம்பது வருசம் கழிச்சு நான் எங்க கடை போடறது!"

அன்று மாலையே அவர் சட்டி வலதுபக்கப் பெட்டிமேல் ஏறியது. மறுநாள் மாடியிலிருந்து மாமி இறங்கிவந்தார். முந்தானைக்குள் ஒரு எவர்சில்வர் பாத்திரம்.

"ஏம்மா, எங்காத்துல மாவு அப்படியே தூங்கிண்டிருக்கு. ஒரு ஓரமா வெச்சுக்கறயா? மாமாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே." பிறகு சட்டியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவ பாத்திரம் அதுல இருக்கா? அப்போ நான் இதுல வெச்சுக்கறேன்."

இப்படியாக, பெரிய வேலை ஓடிக்கொண்டிருந்த இடதுபக்கப் பெட்டி மாமிக்கு ஆனது. "மாமிக்கு ஏசி கோச்சு, நமக்கு ஜெனரலு" என்று அக்கா வாசலிலிருந்தே சொன்னார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. 'தயவுசெய்து பெட்டியின்மேல் எதையும் வைக்காதீர்கள்' என்று கடையில் பெரிய எழுத்தில் அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒட்டவில்லை. சட்டைப்பையிலேயே கிடந்து, துவைக்கும்போது மனைவி கையில் கூழாக வந்தது. "இது என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

வேலை முடிய ஒரு வாரம் இருந்தது. மாமியின் மகள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தாள். ஆட்கள் கூடிவிட்டதால் மாவும் கூடியது. நான் மதியச் சாப்பாட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது. இரண்டு விசிறிகளின் உறுமல் கேட்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் கேட்டது.

மாமியின் பாத்திரம் நான்கு பக்கமும் வழிந்திருந்தது. நான் காசு கொடுத்துப் போட்ட ஓட்டைகள் ஒவ்வொன்றின் வழியாகவும் மாவு உள்ளே இறங்கியிருந்தது. திரை இருட்டாக இருந்தது. மாமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பாத்திரத்தை எடுக்க அப்போதுதான் வந்திருக்கிறார்.

ஆளரவம் கேட்டு அக்காவும் வந்துவிட்டார். "கழுத்து வரைக்கும் ஊத்தி வச்சா பொங்காம இன்னா பண்ணும் மாமி?"

"நான் என்னடி பண்ணுவேன்! எங்காத்துல வெச்சா பொங்கவே மாட்டேங்கறது, இங்கே வெச்சா நிக்கவே மாட்டேங்கறது!" என்ற மாமி என்னிடம் திரும்பினார். "முக்கியமா ஏதாவது இருந்துதாப்பா?"

"ஒண்ணும் இல்ல மாமி" என்றேன்.

மனைவி சமையலறை வாசலிலிருந்து சொன்னாள்: "மாசக்கணக்கா காவல் காத்தாரு மாமி. எங்கண்ணன் வீட்டு விசேஷத்துக்குக்கூட வரல." கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு வராத வார்த்தையை எனக்காக எடுத்துக் கொடுத்தமாதிரி இருந்தது.

பிளக்கைப் பிடுங்கி மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த பெரிய சர்க்யூட் பலகை முழுக்க மாவு. ஹார்டு டிஸ்க் மட்டும் ஓரத்தில், ஒரு தகர மறைவுக்குள் இருந்தது. அதன் முதுகில் நாலைந்து சொட்டு. மாமி மாடிக்கு ஓடி, மாமாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்தார். துடைத்துக் கழற்றினேன்.

"இதான் உசுரா?" என்றார் அக்கா.

"கணக்கு அத்தனையும் இதுக்குள்ளதான்க்கா."

"அப்ப அந்தப் பொட்டில மாட்டு. ரெண்டும் ரெட்டப்புள்ளையாட்டந்தான கீது?" என்று சொல்லிக்கொண்டே வலதுபக்கப் பெட்டிமேல் இருந்த தன் சட்டியை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். வலதுபக்கப் பெட்டியை நிறுத்தி, அதன் டிஸ்கைக் கழற்றி, இதை மாட்டினேன். ஒரு திருகாணி கீழே விழுந்து உருண்டது. மாமி குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. நின்றன. மறுபடி ஓடின. மூன்று பெண்களும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

எதுவரை போட்டோம் என்று கணக்கை அவ்வப்போது டிஸ்கில் எழுதிவைத்துக்கொள்வது அந்தத் திட்டத்தின் வழக்கம். அன்று காலை எழுதிவைத்த இடத்திலிருந்து அது திரும்பவும் நகரத் தொடங்கியது. அரை நாள் உழைப்புதான் போயிருந்தது.

"வந்துச்சா நைனா?"

"வந்துடுச்சுக்கா!" என்றேன். நான் அவ்வளவு சத்தமாகப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"கீழே என்னடி கூச்சல்?" என்று மாடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்லேன்னா, வானிலை!" என்றார் மாமி.

அந்த ஒரு வாரமும் பெட்டிமேல் ஒரு தம்ளர்கூட ஏறவில்லை. அக்கா கடை முடிந்து வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "எங்க வரைக்கும் வந்துது?" என்று கேட்டுவிட்டுப் போனார். வேலை முடிந்து, போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் வந்த அன்று மனைவியிடம்தான் சொன்னேன். அடுத்த நாள் காலை இட்லி வாங்க நின்றவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

மாவு குடித்த பெட்டி பிழைக்கவில்லை. மிஞ்சிய பெட்டிமேல் மனைவி ஒரு தாம்பாளத்தைப் போட்டாள். அதில் சட்டியும் எவர்சில்வர் பாத்திரமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன, இரண்டும் பாதிதான் நிரம்பி.

"இன்னா மாமி, ஜெனரல்ல ஏறிட்டே?"

"உக்கார எடம் கெடைச்சுதே, அது போறும்டி."

அந்த வீட்டை இடித்து இப்போது பிளாட் கட்டியிருக்கிறார்கள். மாமியும் மாமாவும் மகளிடம் போய்விட்டார்கள். அக்கா எப்போதாவது போன் செய்து, "இன்னா நைனா, மழ வருமா?" என்பார். நாங்கள் வேளச்சேரிக்கு வந்துவிட்டோம். மகன் வாங்கித் தந்த லேப்டாப்பில் சூடே இல்லை, சத்தமும் இல்லை. மிஞ்சிய அந்தப் பழைய பெட்டியை மட்டும் பால்கனியை ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போதைய வேலைகளுக்கு அது ரொம்பக் கிழம். மூன்று நாளில் முடிக்க வேண்டியதை மூன்று வாரம் இழுக்கும்.

போன வாரம் விடாமல் மழை பெய்தது. மனைவி மாவுப் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"ஏதாவது வேலை வாங்கிப் போடுங்களேன்."

பெட்டியைத் திறந்து மெமரியை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஒரு வேலை வந்து இறங்கியது. விசிறி இரண்டு தடவை இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. அவள் தாம்பாளத்தை வைத்து, அதன்மேல் பாத்திரத்தை வைத்தாள். பாதிதான் ஊற்றியிருக்கிறாளா என்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டேன்.